டிராக்டர், டிரெய்லர் தகட்டில் துரு ஓட்டை: எந்த இடத்துக்கு எந்தப் பொருள்?

அறுவடை ஓட்டம் முடிந்து வண்டியைக் கழுவும்போதுதான் பல வீடுகளில் ஓட்டை கண்ணில் படுகிறது. மட்கார்டு ஓரத்தில் விரல் நுழையும் அளவில் ஒன்று இருக்கும். டிரெய்லர் தளத்தின் மூலையில் நெல் சிந்தும் அளவில் இன்னொன்று இருக்கும். உடனே கையில் கிடைப்பதைக் கொண்டு அடைக்கிறோம். ஒரு டப்பா பட்டி, பழைய பேரல் தகரம், எம்-சீல், சில இடங்களில் சிமெண்டு கூடப் பூசுகிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் முன்பைவிடப் பெரிய ஓட்டை வந்து நிற்கிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பொருளின் தரம் அல்ல. இடத்துக்குப் பொருந்தாத பொருளைப் போட்டதுதான். வண்டியில் சில தகடுகள் பாரம் தாங்குகின்றன. சில தகடுகள் சேறும் மழையும் படாமல் மறைக்க மட்டும் இருக்கின்றன. பாரம் தாங்கும் இடத்தில் இரும்புக்கு இரும்புதான் ஒட்டு. பட்டி, பைபர், எம்-சீல் எல்லாம் மறைப்புத் தகட்டுக்கு மட்டுமே. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விவசாய வண்டி ஏன் வேகமாகத் துருப்பிடிக்கிறது?

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். அந்த ஈரத்தில் உப்பு கலந்திருந்தால் வேகம் பல மடங்கு கூடும். விவசாய வண்டியில் உப்புக்குக் குறைவே இல்லை.

• பொட்டாஷ் உரம் (மியூரேட் ஆஃப் பொட்டாஷ்) என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போலவே இதிலும் குளோரைடு இருக்கிறது. மூட்டை கிழிந்து சிந்திய பொட்டாஷ், தகட்டுக்குக் கடல் காற்றைப் போன்ற பகைவன்.
• யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மடிப்பில் சிக்கிய சிறு குருணைகூட அந்த இடத்தை ஈரமாகவே வைத்திருக்கும்.
• அம்மோனியம் சல்பேட் கரையும்போது நீர் சற்று அமிலத்தன்மை அடையும்.
• தொழுவுரம், கோழி எரு இரண்டிலும் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு நடை ஏற்றி இறக்கிவிட்டுக் கழுவாமல் நிறுத்தினால் போதும், மூலைகள் அரிக்கத் தொடங்கும்.
• சேற்று உழவின்போது மட்கார்டின் உள்பக்கம் அப்பும் சேறு, வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் தகட்டை ஒட்டிய பகுதியில் ஈரமாகவே இருக்கும்.

நாகப்பட்டினம், கடலூர், இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்றும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். துரு, அது உண்டான இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்பளம் போல் எழும்புகிறது, பட்டி உதிர்கிறது, இரண்டு தகடுகள் சேரும் மடிப்பு விரிகிறது. துருவின் மேல் எதைப் பூசினாலும் கீழிருந்து துரு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

கண்ணுக்குத் தெரியும் ஓட்டை உண்மையான அளவு அல்ல. அதைச் சுற்றி, பெயிண்டுக்கு அடியில் தகடு காகிதம் போல் மெலிந்திருக்கும். பொருள் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1. வண்டியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். சேறு, எரு, உரத்தூள் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.
2. ஓட்டையைச் சுற்றிச் சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. மந்தமாகக் கேட்டாலோ துகள் உதிர்ந்தாலோ மெலிந்த தகடு.
3. சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதி வெட்டி எடுக்க வேண்டியதே.
4. தட்டும் ஓசை நன்றாக இருக்கும் இடம்வரை சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். நீங்கள் அடைக்க வேண்டிய அளவு அந்தக் கோடுதான்.
5. தகட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். துரு வெளியிலிருந்து உள்ளே வந்ததா, உள்ளிருந்து வெளியே வந்ததா என்று தெரியும். உள்ளிருந்து வந்திருந்தால் எங்கோ தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். அந்த வழியைத் திறந்துவிடாமல் செய்யும் எந்த ஒட்டும் நிற்காது.

நல்ல தகடு இருக்கும் இடத்தில் அதன் தடிமனை வெர்னியர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையிலேயே அளந்து தருவார்கள். கடையில் கேஜ் கணக்கில் சொன்னால் குழம்ப வேண்டாம். 22 கேஜ் என்பது சுமார் 0.7 மி.மீ.; 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ.; 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ.; 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ.; 14 கேஜ் சுமார் 2 மி.மீ. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்.

வண்டியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை: உயிர் காக்கும் இடங்கள்

டிரெய்லரின் சேஸிஸ் சேனல், டிராக்டருடன் இணைக்கும் கொக்கிப் பகுதி, அச்சு பொருத்திய இடம், லோடு வண்டியின் சேஸிஸ், ஓட்டுநர் இருக்கை போல்ட் ஆன இடம், சீட் பெல்ட் பிடிக்கும் இடம், பிரேக் மிதி பொருத்திய தகடு ஆகியவை இதில் சேரும். இங்கே ஓட்டையோ விரிசலோ தெரிந்தால் நீங்களாக எதுவும் போட வேண்டாம். அனுபவமுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரின் கொக்கிப் பகுதி மேட்டில் ஏறும்போது முறிந்தால் பின்னால் வருபவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது. சரிசெய்யும்வரை பாரம் ஏற்றாதீர்கள்.

இரண்டாம் வகை: பாரம் தாங்கும் தகடுகள்

டிரெய்லரின் தளம், பக்கத் தடுப்புகள், பின் கதவு, டிராக்டரில் ஏறும் மிதி தகடு, லோடு வண்டியின் கேபின் தரை, பேட்டரி வைக்கும் பெட்டி ஆகியவை. இங்கே இரும்புத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் சரியான வழி.

மூன்றாம் வகை: மறைப்புத் தகடுகள்

பானட், அதன் பக்க மூடிகள், விளக்கைச் சுற்றிய தகடு, லோடு வண்டிக் கதவின் வெளித்தோல் ஆகியவை. இங்கே வெல்டிங் சிறந்தது. ஆனால் பைபர், எபாக்சி போன்றவையும் ஓரளவு உழைக்கும்.

டிராக்டர் மட்கார்டு எந்த வகை? பார்ப்பதற்கு மறைப்புத் தகடு. ஆனால் ஏறும்போது கை ஊன்றுவது அதன்மேல்தான். பல ஊர்களில் பிள்ளைகளையும் கூலியாட்களையும் அதன்மேல் உட்காரவைத்து ஓட்டுகிறார்கள். மட்கார்டு இருக்கை அல்ல. அங்கே யாரையும் உட்காரவைக்கக் கூடாது. உள்ளே அரித்துப்போய் மேலே பட்டி பூசி, பெயிண்ட் பளபளக்கும் மட்கார்டு, ஓட்டை தெரியும் மட்கார்டைவிட ஆபத்தானது. ஓட்டை தெரிந்தால் ஆள் ஜாக்கிரதையாக இருப்பார். பெயிண்டை நம்பிக் கை ஊன்றுபவர் சக்கரத்துக்கு அடியில் விழுவார். ஆகவே மட்கார்டை இரண்டாம் வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள்: எது எதற்கு?

எம்.எஸ். தகடு

சாதாரண இரும்புத் தகடுதான் பெரும்பாலான இடத்துக்குச் சரியான பொருள். பழைய தகட்டின் தடிமனுக்குச் சமமாக வாங்குங்கள். "தடிமனாகப் போட்டால் பலம்" என்று மெல்லிய தகட்டின் நடுவே கனமான துண்டை வைத்தால், குலுக்கலில் ஓரத்துப் பழைய தகடு விரிசல் விடும்.

தகடு எடைக்கு விற்கப்படுகிறது. தேவையான எடையை நீங்களே கணக்கிடலாம். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, தடிமனை மி.மீ. கணக்கில் பெருக்கி, 0.73 ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். உதாரணமாக 3 அடிக்கு 2 அடி, 3 மி.மீ. தகடு என்றால் 3 × 2 × 3 × 0.73 = சுமார் 13 கிலோ. பில்லைச் சரிபார்க்க இது உதவும்.

செக்கர் பிளேட்

மேலே புடைப்புக் கோடுகள் உள்ள தகடு. மிதி தகட்டுக்கு மிகப் பொருத்தம். சேற்றுக் காலோடு ஏறினாலும் வழுக்காது. டிரெய்லர் தளத்துக்கு வேண்டாம். புடைப்புகளுக்கு இடையே எருவும் உரமும் தங்கும். மண்வெட்டியால் வாரவும் சிரமம்.

ஜி.ஐ. தகடு

துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகம் இரும்புக்கு முன் தான் அரிந்து இரும்பைக் காப்பாற்றும். ரிவெட் அல்லது போல்ட் வைத்துப் பொருத்தும் பக்க மூடிகளுக்கு நல்லது. வெல்டிங் செய்தால் இரண்டு சிக்கல்கள் வரும். பற்றவைக்கும் ஓரத்தில் பூச்சு எரிந்துபோகும். அந்தக் கோட்டில் பாதுகாப்பு இருக்காது. மேலும் எரியும் துத்தநாகத்தின் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது தவறான நம்பிக்கை. வெல்டிங் செய்தே ஆக வேண்டுமென்றால் ஓரத்துப் பூச்சை முதலில் சுரண்டி எடுத்து, காற்றோட்டமான வெட்டவெளியில் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தக் கோட்டில் துத்தநாகம் கலந்த பிரைமர் அடியுங்கள்.

பழைய பேரல் தகரம்

மலிவு என்பதால் பலர் நாடுவது இதைத்தான். தகரம் நல்ல நிலையில் இருந்து, தடிமன் பொருந்தினால் மட்கார்டு ஒட்டுக்கு உதவும். ஆனால் பேரலில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். காலியாகத் தெரியும் பேரலுக்குள் எண்ணெய், தின்னர், பூச்சிமருந்து ஆகியவற்றின் ஆவி தங்கியிருக்கும். கேஸ் கட்டர் அல்லது கிரைண்டர் பொறி பட்டால் பேரல் வெடிக்கும். பூச்சிமருந்து இருந்த பேரலின் தகரத்தை நெல்லும் தீவனமும் ஏற்றும் டிரெய்லரில் எந்நாளும் போடக் கூடாது.

அலுமினியம், எவர்சில்வர்

"இவை துருப்பிடிக்காதே, இதையே போடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றை ஒன்று தொட்டால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். இரும்பின்மேல் அலுமினியம் வைத்தால் அலுமினியம் வெண்தூளாக அரியும். எவர்சில்வர் வைத்தால் அதைச் சுற்றிய இரும்பு வேகமாக அரியும். உரம், எரு ஏற்றும் வண்டிக்கு இரண்டும் பொருந்தாது. அலுமினிய ரிவெட்டுக்கும் இதே கதைதான். இரும்பு ரிவெட் அல்லது துத்தநாகம் பூசிய போல்ட் பயன்படுத்துங்கள்.

பைபர் துணியும் ரெசினும்

மூன்றாம் வகை இடத்துக்கு, உள்ளங்கை அளவுக்குள் இருக்கும் ஓட்டைக்குப் பயன்படுத்தலாம். கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு. ஆனால் இரும்பின்மேல் அதன் பிடிப்பு குறைவு. எபாக்சி ரெசின் விலை கூடுதல். பிடிப்பு நன்றாக இருக்கும். எதுவானாலும் ஓட்டையைச் சுற்றி 2 அங்குலம்வரை வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, முடிந்தால் பின்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று அடுக்காக ஒட்ட வேண்டும்.

எச்சரிக்கை: பாலியெஸ்டர் ரெசினோடு தரும் ஹார்டனர் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் கலக்காதீர்கள். சில கடைகளில் கோபால்ட் என்ற ஊதாநிற திரவத்தையும் தனியாகத் தருவார்கள். அதையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றுசேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்டனர் சேர்க்க வேண்டும். கோபால்ட் முன்பே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குவது நல்லது.

எம்-சீல் போன்ற எபாக்சிப் பசை

இரண்டு நிற உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் வகை. குண்டூசி முதல் பட்டாணி அளவுவரை உள்ள துளைக்கும், மடிப்பு இடைவெளிக்கும் ஏற்றது. அதற்கு மேல் பெரிய ஓட்டைக்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

பட்டி

பட்டி ஓட்டையை அடைக்கும் பொருளே அல்ல. மேடு பள்ளத்தைச் சமன் செய்யும் பொருள். அதில் உள்ள மாவுப்பொருள் ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருக்கும் ஓட்டையில் பட்டியை அப்பினால் அது ஈரத்துணி போல் தகட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். வெல்டிங் செய்த ஒட்டின்மேல் 3 மி.மீ.க்கு மிகாமல் பூசுங்கள். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவில் ஹார்டனர் போதும். வெயில் நேரத்தில் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். டிரெய்லர் தளத்தில், உள்பக்கத்தில் பட்டிக்கு வேலையே இல்லை.

துரு மாற்றி திரவம்

பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த இத்திரவம் மேல்துருவைக் கருமையான நிலையான படலமாக மாற்றும். கம்பி பிரஷ் போட்ட பிறகு குழிகளில் மிஞ்சும் துருவுக்கு மட்டும் உதவும். ஏடு ஏடாக உரியும் துருவை இது மாற்றாது, ஓட்டையை அடைக்காது. கையுறை அணிந்து பூசுங்கள். கழுவ வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். படித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

எந்த வெல்டிங் கேட்பது?

3 மி.மீ. அளவுள்ள டிரெய்லர் தளத்துக்குச் சாதாரண ராடு வெல்டிங் போதும். 1.2 மி.மீ., அதற்கும் குறைந்த தகட்டில் ராடு வைத்தால் பெரும்பாலும் ஓட்டை பெரிதாகும். அதற்கு சி.ஓ.2 வெல்டிங் அல்லது கை தேர்ந்தவரின் கேஸ் வெல்டிங் பொருந்தும். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாகப் பற்றவைக்காமல், எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் தகடு அப்பளம் போல் நெளியும்.

பட்டறையில் நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பேட்டரியையே இறக்கி வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு பொறி பட்டால் வெடிக்கும்.
• எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் தகட்டின்மேலேயே, அருகில் மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.
• டீசல் டேங்க், டீசல் பைப், ஹைட்ராலிக் ஹோஸ் அருகில் வேலை என்றால் அவற்றைக் கழற்றிய பிறகே தொடங்க வேண்டும்.
• டீசல் டேங்கிலேயே ஓட்டை என்றால் அதை வெல்டிங் செய்ய அனுமதிக்காதீர்கள். காலி டேங்க் பத்திரமானது என்று நினைக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஆவிதான் வெடிக்கிறது. டேங்கை மாற்றுவதே வழி.

வேலையின் வரிசை

1. கோடு போட்ட இடத்தில் அரித்த பகுதியை வெட்டி எடுங்கள். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் தொடங்கும்.
2. டிரெய்லர் தளமாக இருந்தால் வெட்டும் கோட்டைக் கீழே உள்ள குறுக்குச் சேனல்வரை நீட்டுங்கள். புதுத் தகட்டின் இரண்டு ஓரங்களும் சேனல்மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் பாரம் வெல்டிங் கோட்டில் விழாமல் சேனலில் விழும்.
3. புதுத் துண்டைப் பழைய தகட்டோடு சமமாக உட்காரும்படி வெட்டுங்கள். மேலே மேல் ஒட்டுப் போட்டால் இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கும். வேறு வழியின்றி மேல் ஒட்டுப் போட்டால் சுற்றிலும் இடைவெளியின்றிப் பற்றவைத்து, கீழ்ப்பக்க மடிப்பைச் சீலன்ட் வைத்து அடையுங்கள்.
4. வெல்டிங் கசடைத் தட்டி, கிரைண்டரால் சமன் செய்து, தின்னர் துணியால் துடையுங்கள்.
5. அன்றே பிரைமர் அடியுங்கள். வெறும் இரும்பை ஓர் இரவு பனியில் விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும்.
6. பின்பக்கத்துக்கும் பிரைமர் அடிக்க மறக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் பின்பக்கப் பெயிண்ட் எரிந்திருக்கும். ஒட்டுகள் சீக்கிரம் போவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான்.
7. பிரைமர் காய்ந்ததும் தேவையான இடத்தில் மட்டும் பட்டி, மறுபடி பிரைமர், பிறகு இரண்டு கைப் பெயிண்ட்.

டெல்டா விவசாயிகளுக்குச் சம்பா அறுவடை முடிந்த பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு நல்ல காலம். காற்றில் ஈரம் குறைவு, வண்டிக்கும் ஓய்வு. ஐப்பசி மழையில் பூசும் பெயிண்ட் ஈரத்தைத் தகட்டோடு சேர்த்து மூடிவிடும்.

பிரைமரும் பெயிண்டும்: கால்நடையை நினைத்து வாங்குங்கள்

சாதாரண வேலைக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் போதும். உரம், எரு அடிக்கடி ஏற்றும் டிரெய்லருக்கு இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் நீண்ட நாள் உழைக்கும்; செலவு கூடும், ஆனால் மறு வேலை குறையும்.

பழைய சரக்கில் ஈயச் செந்தூரம் கலந்த பூச்சு கிடைத்தால் வாங்காதீர்கள். மாடுகள் பெயிண்டை நக்கும், உரியும் ஏட்டைத் தின்னும் பழக்கம் உடையவை. ஈயம் மாட்டின் உயிரையே எடுக்கும். டப்பாவில் ஈயம் கலக்காதது என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டினால் அந்தத் தூளைத் தொழுவத்திலோ வைக்கோல் போர் அருகிலோ விடாமல் கூட்டி அள்ளிவிடுங்கள். முகக்கவசம் அணிந்து சுரண்டுங்கள்.

பேட்டரிப் பெட்டிக்குத் தனிக் கவனம்

டிராக்டரில் முதலில் ஓட்டை விழும் இடங்களில் பேட்டரிப் பெட்டியும் ஒன்று. இங்கே அரிப்பது மழைநீர் அல்ல, அமிலம். வெட்டி ஒட்டும் முன் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைப்பது நின்றதும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். அமிலத்தை முறிக்காமல் புதுத் தகடு போட்டால் அதுவும் சீக்கிரமே அரியும். வேலை முடிந்ததும் பேட்டரிக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதன்பின் பேட்டரியைக் குலுங்காமல் இறுக்கிக் கட்டுங்கள்.

இடமும் பொருளும்: ஒரே பார்வையில்

• சேஸிஸ், கொக்கிப் பகுதி, அச்சு: பட்டறையில் மட்டும், பூச்சுப் பொருள் எதுவும் கூடாது.
• டிரெய்லர் தளம்: சம தடிமன் எம்.எஸ். தகடு, ராடு வெல்டிங், எபாக்சி பிரைமர்.
• மிதி தகடு: செக்கர் பிளேட், வெல்டிங்.
• மட்கார்டு: சம தடிமன் எம்.எஸ். தகடு, சி.ஓ.2 அல்லது கேஸ் வெல்டிங், மேலே மெல்லிய பட்டி.
• கேபின் தரை: எம்.எஸ். தகடு, வெல்டிங், மடிப்பில் சீலன்ட்.
• பானட், பக்க மூடி: சிறு ஓட்டைக்கு எபாக்சி பைபர், பெரிதானால் வெல்டிங் அல்லது ஜி.ஐ. தகடு, இரும்பு ரிவெட்.
• குண்டூசித் துளைகள்: எம்-சீல், சுற்றிலும் தகடு மெலிந்திருந்தால் வெட்டி ஒட்ட வேண்டும்.

அடிக்கடி வரும் கேள்விகள்

பழைய தளத்தின்மேல் முழுதாகப் புதுத் தகரம் விரித்துவிடலாமா?

வேண்டாம். இரண்டு தகட்டுக்கும் நடுவே உரமும் ஈரமும் புகுந்தால் வெளியே வர வழியில்லை. மேலே புதிதாகத் தெரியும். கீழே பழைய தளமும் சேனலும் கண்ணுக்குத் தெரியாமல் அரியும். தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பல ஒட்டுகளின் கூலியைக் கூட்டிப் பார்த்தால் இதுவே சிக்கனம்.

அடிப்பக்கத்துக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஓடிய ஆயிலில் உலோகத் துகள்களும் தோலுக்குக் கேடான பொருட்களும் இருக்கின்றன. வண்டி நிற்கும் இடமெல்லாம் சொட்டி மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். ரப்பர் ஹோஸ், புஷ் எல்லாம் ஊறிப்போகும். ஒட்டும் ஆயிலில் தூசியும் உரத்தூளும் அப்பிக்கொள்ளும்.

தார் பெயிண்ட் அடிக்கலாமா?

துரு நீக்கிப் பிரைமர் அடித்த அடிப்பக்கத்துக்கு அடிக்கலாம். துருவின்மேல் அடித்தால் துருவை மூடி வளர்ப்பதாகும். நெல், தீவனம் படும் உள்பக்கத்தில் அடிக்கக் கூடாது.

லோடு வண்டிக்கு எஃப்.சி. நாள் நெருங்கிவிட்டது, இப்போதைக்குப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

கதவின் வெளித்தோலில் சிறு ஓட்டை என்றால் அது அழகுக் குறை மட்டுமே. கேபின் தரை, இருக்கை பிடிக்கும் இடம், சேஸிஸ் என்றால் பட்டி பூசி மறைக்காதீர்கள். சோதனையில் தப்பலாம்; பாரத்தோடு திடீர் பிரேக் போடும் நாளில் தப்ப முடியாது. அந்த வண்டியில் போவது நீங்களோ உங்கள் பிள்ளையோதான்.

ஒட்டு நிலைக்கச் செய்ய வேண்டியவை

• உரம், எரு ஏற்றிய அன்றே முதலில் கூட்டி, பிறகு தண்ணீர் அடித்து, மூலைகளையும் மடிப்புகளையும் கழுவுங்கள். கூட்டாமல் தண்ணீர் ஊற்றினால் உரம் கரைந்து மடிப்புக்குள் போகும்.
• கழுவியபின் பின் கதவைத் திறந்து, முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்துங்கள். தண்ணீர் தானே வடியும்.
• சேற்று உழவு முடிந்ததும் மட்கார்டின் உள்பக்கச் சேற்றை அன்றே சுரண்டிக் கழுவுங்கள்.
• கதவு, கேபின் அடியில் நிறுவனமே விட்ட வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். அவற்றை ஓட்டை என்று நினைத்து அடைக்காதீர்கள்.
• பெயிண்ட் கீறியது தெரிந்தால் அந்த வாரமே தேய்த்துப் பிரைமர் வையுங்கள்.
• டிரெய்லரில் உர மூட்டையை இரவு முழுக்க வைக்க நேர்ந்தால் கீழே தார்ப்பாய் விரியுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது மூன்று விஷயங்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: இது எந்த வகை இடம், நல்ல தகட்டின் தடிமன் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் எந்தப் பொருள் என்பதை நீங்களே சொல்லலாம். பட்டறைக்காரரும் குறுக்கு வழி சொல்லமாட்டார்.